பெயர் வெட்டிய குரல்கள்

பெருமதிப்பிற்குரிய வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். கல்லூரியில் கணிப்பொறியியல் பயின்று, அலுவலகச் சுற்றறிக்கைகளை மட்டுமே இதுகாறும் எழுதிப் பழகிய கை இது. கதை எழுதுவதற்குரிய துணிவோ தேர்ச்சியோ எனக்கு உண்டென்று சொல்லிக்கொள்ள இயலாது. எனினும், இன்னும் வராத ஒரு காலத்தில் நம் திருநெல்வேலிப் பக்கம் இப்படி நடக்கக்கூடும் என்று மனத்தில் தோன்றிய ஒன்றைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இதில் காணும் பிழைகளை அருள்கூர்ந்து என் கணக்கிலேயே வையுங்கள்; சண்முகவடிவு அம்மையாரின் மேல் ஏற்ற வேண்டாம். தம்முடைய பிழைகளைத் தாமே சொல்லிக்கொள்ளக்கூடியவர் அவர்.

அந்தக் காலத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு காய்ச்சல் பல ஆண்டுகள் விட்டுவிட்டு வந்து போயிருந்தது. மூன்று நாள் உடம்பு அனலாகக் கொதிக்கும். நான்காம் நாள் தணியும். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்க வாய் திறந்தால், காற்று மட்டும் வரும். குரல்நாண்களை அரித்துவிட்டுப் போகும் காய்ச்சல் அது. சிலர் இறந்தார்கள், பல்லாயிரவர் பிழைத்து, பேச்சை இழந்தார்கள். அவர்களுக்காகவே பாளையங்கோட்டையில் குரல் வங்கி தொடங்கப்பட்டது. குரல் உள்ளவர்கள் வந்து நான்கு மணி நேரம் பேசிப் பதிந்துவிட்டுப் போவார்கள். அந்தக் குரல் ஒரு கோப்பாகும். குரல் இழந்தவர் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உதட்டை அசைத்தால், பட்டை அந்தக் குரலில் பேசும்.

இதற்குச் சட்டம் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்திருந்தது. குரலைக் கொடுத்தவர் தம் வாயால் சொன்ன ஒரு வரி, அவர் பெயரோடு, அந்தக் கோப்பின் மேல் இருக்க வேண்டும். ‘கட்சிக் கூட்டத்துல மட்டும் பேச விடாதீங்க’ என்று ஒருவர் சொல்லியிருப்பார். ‘பாடலாம், ஆனா சுதி சேரலைன்னா எம் பேர வெளிய சொல்லக்கூடாது’ என்று இன்னொருவர். ‘நான் கண்ண மூடிட்டா நிப்பாட்டிருங்க’ என்றும் சிலர் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி காலை ஆறு மணிக்கு எல்லாப் பட்டைகளும் வங்கியைக் கேட்டு அந்த வரியைப் பார்த்துக்கொள்ளும். வரி இருந்தால் பேசும்; இல்லையேல் அந்த நொடியே வாய் மூடிக்கொள்ளும். கோப்பின் மேல் பொறிக்கும் இந்த வரிக்கு வங்கியில் ‘வெட்டு’ என்று பெயர். பெயர் வைத்தவர் சண்முகவடிவு. வெட்டும் ஏற்பாட்டை ஏழு ஆண்டுகளுக்கு முன் தனியாளாக எழுதி முடித்தவரும் அவரே. வங்கியின் முதுநிலை அமைப்புப் பொறியாளர் என்ற பதவியைவிட, அந்த ஏற்பாட்டின் மேல்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

அந்த ஆண்டு ஆயுத பூசை புதன்கிழமை வந்தது. புதிய சேமிப்பு இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. பூசையன்றே அதை ஓட விடுவது என்று முடிவாகி, காலையிலேயே அதற்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மின்விசிறிக் கண்ணை மட்டும் விட்டுவிட்டு மாலை சாற்றியிருந்தார்கள்.

“அக்கா, பன்னெண்டுக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள புது மிஷினு ஓடலைன்னா டைரக்டர் ஐயா விளக்கேத்த மாட்டாக” என்றார் பதிவேட்டு அலுவலர் பிரகாசி, பொரியைக் கொறித்துக்கொண்டே.

“நீ ஞாயித்துக்கெழம தவறாம மாதா கோயிலுக்குப் போறவ. உனக்கு எதுக்குட்டி ராகுகாலம்?”

“வேதக்காரின்னா என்னக்கா, எனக்குன்னு தனிக் கடியாரமா ஓடுது?”

பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்குக் கம்பி வழியாக நேராக நகலெடுத்தால் மாலை ஐந்து மணி ஆகும். சண்முகவடிவு யோசித்தார். எதிர்த்தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவிலிருந்து கையடக்கச் சேமிப்பு வட்டுகளான கைவட்டுகள் எட்டை இரவல் வாங்கினார். குரல்களை எட்டாகப் பிரித்து, எட்டு வழியில் ஒரே சமயத்தில் ஏற்றி இறக்கினார். பதினொன்று நாற்பதுக்கு வேலை முடிந்தது. முடிந்ததோடு விடவில்லை. பழையதில் இருந்த ஒவ்வொரு கோப்பையும் புதியதில் இருப்பதோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் அச்சாக ஒத்துப்போயின.

இயக்குநர் ஞானதுரை விளக்கேற்றிவிட்டுப் பேசினார். “பதினோராயிரத்து நானூத்தி ஆறு குரல். ஒரு எழுத்து குறையாமக் கொண்டுவந்து சேத்திருக்காங்க நம்ம வடிவு அம்மா. ஏழு வருசத்துல இங்க ஒரு பொய் வெட்டுகூட விழுந்ததில்லங்கிறதையும் இந்த நேரத்துல பெருமையாச் சொல்லிக்கிடுதேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். சண்முகவடிவின் முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் இயக்குநரின் கடைசி வாக்கியத்தின்போது அவர் வாசலில் உடைபட்டுக் கிடந்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதியதை எடுப்பதுபோல, பழைய இயந்திரத்தை மாற்றுக்கு எடுத்துக்கொண்ட நிறுவனத்தார் அன்று பிற்பகலே வண்டி கொண்டுவந்தார்கள். பிறர் குரல் வெளியே போய்விடக் கூடாது என்ற சட்டப்படி, அதன் தட்டுகள் அன்றே அரைத்துப் பொடியாக்கப்பட்டன.

வியாழன் விஜயதசமி விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை, வங்கி திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவர் மேலப்பாளையம் சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் இசக்கியம்மாள்.

“என் வரிய மாத்தணும் தாயி” என்றார் பிரகாசியிடம். “அன்னைக்கு ‘என் குரல வச்சு யாரையும் ஏசக்கூடாது’ன்னு சொல்லிட்டேன். பொறகு வீட்டுல போயி யோசிச்சுப் பாத்தேன். பாவம், அந்தப் பிள்ளைக்கும் மாமியா, நாத்தனான்னு இருக்கும்லா? ஏசிக்கிடட்டும். பொய் மட்டும் சொல்ல வேண்டாம். அப்படி மாத்திரு.”

பிரகாசி சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். திரை, ‘அந்தப் பெயரில் வெட்டு ஏதும் இல்லை’ என்றது. மறுபடி தட்டினார். அதே பதில். சண்முகவடிவைக் கூப்பிட்டார்.

இந்தப் பதிலைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தவரே சண்முகவடிவுதான். வெட்டுவதில் இரண்டு வகை வைத்திருந்தார். ‘புதிதாக வெட்டு’ என்றால், ஏற்கெனவே வரி இருக்கும் கோப்பில் இயங்குதளம் வெட்ட மறுத்துவிடும். ‘மாற்றி வெட்டு’ என்றால், வரி இல்லாத கோப்பில் மறுத்துவிடும். ஒருவர் சொன்ன வரியை இன்னொருவர் தவறிப்போயும் அழித்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. அந்தக் காவல்தான் இப்போது வாய் திறந்திருந்தது.

அடுத்த கோப்பைப் பார்த்தார். இல்லை. அதற்கடுத்த பத்தைப் பார்த்தார். இல்லை. பிறகு எல்லாவற்றையும் எண்ணச் சொல்லிக் கட்டளையிட்டார். திரையில் வந்த எண் பூச்சியம்.

அவருக்கு ஸ்டுடியோவின் எட்டுக் கைவட்டுகள் நினைவுக்கு வந்தன. காப்பு நகல்கள் மூன்று உண்டு. ஓடிப்போய் அவற்றையும் பார்த்தார். மூன்றும், கோப்புக்குள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவைக்கும் பழைய முறையில் எடுக்கப்பட்டவை; வரி அவற்றிலும் இல்லை.

இசக்கியம்மாள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். “என்ன தாயி, ரெண்டு பேரும் மொறச்சுப் பாக்கிய? என் வரிய எலி தின்னுட்டுதா?”

இயக்குநரின் அறையில் அடுத்த அரை மணி நேரம் எளிதாக இல்லை.

“கோப்பெல்லாம் அப்படியே இருக்குங்கீங்க. ஒரு எழுத்து குறையலன்னும் சொல்லுதீங்க. அப்ப எதும்மா தொலஞ்சுது?” என்றார் ஞானதுரை.

“ஐயா, கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் வாங்குனா, பாத்திரக்கடையிலயே பேரு வெட்டித் தருவாங்கள்லா? யாரு குடுத்தா, என்னைக்குக் குடுத்தான்னு? பேரு வெட்டுனதால குடத்துக்குள்ள ஒரு சொட்டு கூடாது, குறையாது. அது குடத்துக்கு வெளிய இருக்கது. நம்ம வெட்டும் அப்படித்தான். குரல் கோப்புக்குள்ள இருக்கு. வரி கோப்புக்கு மேல இருக்கு. நம்ம நிரல் தானா வெட்ட முடியாது, இயங்குதளத்தத்தான் கேக்கணும். இந்தக் கோப்பு, இந்தப் பேரு, இந்த வரி, வெட்டிக்குடுன்னு. அது வெட்டிக்குடுக்கும்.”

“சரி.”

“நான் குடத்துல இருந்த தண்ணிய ஊத்திக் கொண்டுபோற அவசரத்துல, பேரு வெட்ட வழியில்லாத மண்பானையில ஊத்திட்டேன் ஐயா. அந்தக் கைவட்டுகள்ல மேல எழுதுத எடமே கெடையாது. சொட்டு குறையாம வந்துட்டு. சொட்டத்தான் எண்ணிப் பாத்தேன். பேரப் பாக்கல.”

ஞானதுரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஐப்பசி ஒண்ணாம் தேதிக்கு எத்தன நாள் இருக்கு?”

“ஒம்பது.”

“ஒம்பது நாள் கழிச்சுக் காலையில பதினோராயிரம் பேரு வாயடச்சுப் போவாக. அதுக்கு நான் பொறுப்பேத்துக்கிட முடியாது. எல்லாத்துக்கும் ‘சம்மதம்’னு ஒரே வரிய வெட்டிருங்க. உங்ககிட்ட அதிகாரம் இருக்குல்லா?”

“இருக்கு. நாலு வரி நிரல், ஒரு நிமிச வேல.”

“இயங்குதளம் கேள்வி கேக்குமா?”

“கேக்காது ஐயா. அதிகாரம் உள்ளவுக எத வெட்டச் சொன்னாலும் வெட்டும். உண்மையா பொய்யான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் நமக்குத் தெரியணும். ‘செத்தா நிப்பாட்டு’ன்னு சொன்னவுக குரலும் அதுக்குள்ள கெடக்கு. ‘மூணு வருசத்துக்கு மட்டும்’னு சொன்னவுகளும் இருக்காக. யாரு யாருன்னு இப்ப நமக்குத் தெரியாது. பதிவேட்டுல பேரும் போன் நம்பரும் இருக்கு. கூப்பிடுவோம். வந்து திரும்பச் சொல்லட்டும்.”

“ஒம்பது நாள்லயா?”

“ஒம்பது நாள்ல.”

“இறந்துபோனவுகளக் கூப்பிட முடியாதே.”

அதற்கு வழி சொன்னவர் பிரகாசி. குரல் பெற்ற ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருக்கிறது. கொடுத்தவரின் பெயர் இராது, அவர் சொன்ன வரி மட்டும் அச்சாகியிருக்கும். “அந்த அட்டையப் பாத்து வெட்டலாம்லாக்கா?”

சண்முகவடிவு மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். “அட்ட மட்டும் போதாது” என்றார் மெல்ல. “இந்த வரிய அவுக வாயால சொல்லி நான் கேட்டேன்னு, வீட்டாள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். போட்டா வெட்டலாம்.”

விதி அவ்வாறே எழுதப்பட்டது. எழுதியவரும் அவர்தான்.

அதன்பின் நடந்ததை அந்தப் பக்கத்து மக்கள் நெடுங்காலம் மார்தட்டிச் சொல்லிக்கொண்டார்கள்; சொல்லிக்கொள்ளத் தகுந்ததுதான். பன்னிரண்டு ஊர்களில் அறைகள் திறக்கப்பட்டன. தென்காசியிலும் தூத்துக்குடியிலும் வள்ளியூரிலும் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றது. ஒருவரும் ‘ஏன் தொலைத்தீர்கள்’ என்று சண்டைக்கு வரவில்லை. வந்த இருவரையும் வரிசையில் நின்றவர்களே அடக்கிவிட்டார்கள். வேலைக்காகத் திருப்பூர் போயிருந்தவர்கள் பேருந்து பிடித்து வந்தார்கள். துபாயிலிருந்து ஒருவர், தங்கை திருமணத்துக்கு வைத்திருந்த விடுப்பை இப்போதே எடுத்துக்கொண்டு வந்திறங்கினார். பழைய வரி பலருக்கு நினைவில்லை. புது வரி சொன்னார்கள்.

“மாப்பிள பாக்கப் போறப்ப என் குரலப் போட்டுக்கிட்டுப் போலாம். கல்யாணத்துக்கு மட்டும் என்னையக் கூப்பிடணும்.”

“அன்னைக்கு என்ன சொன்னேனோ, அத அப்படியே அடிங்க.”

“அதுதான் தொலஞ்சுபோச்சே அண்ணாச்சி!”

“அப்ப அத விட நல்லதா ஒண்ணு நீங்களே போடுங்க.”

“நாங்க போடக்கூடாது அண்ணாச்சி. நீங்கதான் சொல்லணும்.”

“என்னா கண்டிசனு! சரி எழுதுங்க. நான் குடுத்தது குடுத்ததுதான்.”

இறந்தவர்களுக்காக மகன்களும் மனைவியரும் வந்தார்கள். ஒருவர் அட்டையைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “எங்கப்பாதான். இப்படித்தான் சொன்னாரு. சொல்லி முடிச்ச கையோட ஒரு கோலிசோடா வாங்கிட்டு வான்னாரு” என்று சொல்லிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு பேர், வந்து நின்று, ‘அப்ப குடுத்தேன், இப்ப வேண்டாம்’ என்றும் சொன்னார்கள். அவர்களில் ஒருவரிடம் பிரகாசி கெஞ்சத் தொடங்கியபோது, சண்முகவடிவு குறுக்கிட்டு, “கெஞ்சாத. வேண்டாம்னு சொல்லுததுக்குத்தான் அந்த வரியே இருக்கு” என்றார். அந்த அம்மாளுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

எட்டு நாள்கள் இப்படிப் போயின. ஒவ்வொரு வெட்டும் ஒரு மனிதர் வந்து, வாய் திறந்து சொன்ன பிறகே விழுந்தது. சண்முகவடிவு வீட்டுக்குப் போய்க் குளித்து வந்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் திரையின் முன்னேயே இருந்தார். அவர் முதுகு கூனவில்லை என்று பிரகாசி எல்லோரிடமும் சொன்னார்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பிரகாசி கதவைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய ஆடிக்கொண்டே வந்தார்.

“அக்கா! சாட்சிக்கு ஊர் ஊரா அலஞ்சோம்லா? இதுக்கு நாற்காலிய விட்டு எந்திரிக்கவே வேண்டாம். நாலாயிரத்து எழுபதாம் நம்பர் கோப்பு. பதிவேட்டப் பாத்தா, குடுத்தவுரு ஆவுடையப்பன்! நம்ம அண்ணன்! அண்ணன் குரலு இங்க இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலையே. சாட்சி நீங்கதான்க்கா. அட்டையோட வந்திருக்காரு, மேலப்பாளையத்துல கணக்கு வாத்தியாரு, மசூதுன்னு பேரு.”

பிரகாசியின் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். சுண்ணாம்புத்தூள் படிந்த சட்டைக் கை, கழுத்தில் பட்டை.

“வணக்கம் மேடம்” என்றார்.

சண்முகவடிவின் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. இருபத்திரண்டு ஆண்டுகள், ‘சமாதானபுரம் எறங்குறவுக முன்னால வாங்க’ என்று நகரப் பேருந்தில் கூவிய குரல். வீட்டில் ‘வடிவு’ என்று கூப்பிட்ட, இறந்துபோன கணவரின் குரல். அது ஒருநாளும் அவரை ‘மேடம்’ என்று அழைத்ததில்லை. நான்கு ஆண்டுகளாக அந்தக் குரல் யார் கழுத்தில் இருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்ததில்லை. ஒரு விரல் அசைத்தால் தெரிந்துவிடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டே, பார்க்காமல் இருந்தார்.

“வெளிய வரிசையில நிக்கப்ப மத்தவுங்க அட்டையெல்லாம் பாத்தேன்” என்றார் மசூது, உட்கார்ந்துகொண்டு. “சோடா, சுதி, மாமியான்னு ஒரே சிரிப்பு. என் அட்ட மட்டும் அரசாணை மாதிரி இருக்கும். குடுத்த மனுசன் தாசில்தாரா இருப்பாருன்னுதான் நான் நெனச்சிருந்தேன்.”

அட்டையை மேசைமேல் வைத்தார். ‘தகுதியுடைய எவருக்கும், காலவரையறை இன்றி, இக்குரலை வழங்கலாம்.’

“தாசில்தாரா? கண்டக்டரு! எங்க அக்கா வீட்டுக்காரரு” என்றார் பிரகாசி.

மசூதின் முகம் மாறியது. எழுந்து நின்றுவிட்டார். “மன்னிச்சிருங்க அக்கா, தெரியாமப் பேசிட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. ஒரு கையெழுத்துதான் அக்கா. அவரு சொல்லி நீங்க கேட்டீங்கன்னு.”

சாட்சிப் படிவம் மேசையில் இருந்தது. அதன் வாசகத்தைச் சண்முகவடிவு தாமே எழுதியிருந்தார். படிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் ஒருமுறை முழுதாகப் படித்தார்.

“நான் கேக்கல” என்றார்.

“அக்கா?” என்றார் பிரகாசி.

“நான் கேக்கல. கையெழுத்துப் போட மாட்டேன்.”

மசூது உட்கார்ந்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஆவுடையப்பனின் குரல் கெஞ்சியது.

“எனக்கு ஒரு மக இருக்கா அக்கா. மூணு வயசு. காய்ச்சல் போன பெறகு பொறந்தவ. அவளுக்கு வாப்பான்னா இந்தக் குரல்தான். நாளைக்கு நான் வேற குரல்ல கூப்பிட்டா யாரோன்னு ஓடிருவா. ஒரே ஒரு கையெழுத்து.”

“அவுக சொன்ன வரி ஒண்ணு இருக்கு” என்றார் சண்முகவடிவு. “‘ஊருக்குக் கத்திக் கத்தியே தேஞ்சு போச்சு வடிவு. நான் போன பெறகாவது இந்தத் தொண்ட சும்மா கெடக்கட்டும்’னு சொன்னாக. அவுகளுக்குக் காய்ச்சல் வாரதுக்கு முந்துன வாரம். நான் கேட்டது அது ஒண்ணுதான்.”

மசூது கணக்கு வாத்தியார். அட்டையைக் கையில் எடுத்து, அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். “அப்போ இத யாரு…” என்று தொடங்கியவர், சண்முகவடிவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஆவுடையப்பன் இறந்த பதினேழாம் நாள் அது நடந்தது. பேருந்து நிறுத்தங்களின் பெயரைத் தானாகச் சொல்லும் கருவிக்காக அவர் பணிமனையில் நான்கு நாள் பேசிப் பதிந்த ஒலி இருந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்து, கோப்பாக்கி, பதிவேட்டில் பெயர் எழுதி, ஒரு வரியையும் எழுதி, வெட்டச் சொன்னார் சண்முகவடிவு. சொல்லாத மனிதருக்காக எழுதிய வரி என்பதால் அது அலுவலகத் தமிழில் வந்தது. இயங்குதளம் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டிக்கொடுத்தது.

“கேக்காம எடுத்ததயா மூணரை வருசமா கழுத்துல கட்டியிருந்தேன்” என்றார் மசூது. “நீங்க எடுத்தது அவர்கிட்ட இருந்து மட்டும் இல்ல அக்கா. தெரிஞ்சிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன். அந்த ‘மாட்டேன்’ங்கிறதையும் எங்கிட்ட இருந்து எடுத்துட்டீங்க.”

“ஆமா” என்றார் சண்முகவடிவு.

பிரகாசி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், சற்று நேரத்தில் ஒரு தாளோடு திரும்பிவந்தார். களக்காட்டிலிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி அன்று காலைதான் புதிதாகக் குரல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்ன வரி: ‘பொடுசுகளுக்குக் கதை சொல்லணும். அது இல்லைன்னா எங்குரல் ஒருத்தருக்கும் கெடையாது.’

மசூது அதைப் படித்தார். இரண்டாம் முறை படித்தபோது உதட்டோரம் லேசாக அசைந்தது. “இது மனுசன் பேசுன மாதிரி இருக்கு” என்றார். பழைய அட்டையைச் சண்முகவடிவின் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு எழுந்தார். கதவருகில் நின்று திரும்பினார்.

“நாளைக் காலையில ஆறு மணி வரைக்கும் இது பேசும்லா?”

“பேசும்.”

“சாயங்காலம் எம் மகளுக்கு ஒரு கதை மட்டும் சொல்லிக்கிடட்டுமா? நாளையில இருந்து வாப்பா வேற மாதிரிப் பேசுவேன்னு இந்தக் குரல்லயே சொல்லிவைக்கணும். அவரு கோவிச்சுக்கிட மாட்டாரே?”

சண்முகவடிவு எழுந்து நின்றார். “மாட்டாக. பொடிப்பிள்ளைக ஏறுனா சன்னலோரத்துல எடம் பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் விசிலே ஊதுவாக. சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க.”

மறுநாள் ஐப்பசி முதல் தேதி. ஆறு மணிக்கு எல்லாப் பட்டைகளும் வங்கியைக் கேட்டன. அவற்றுள் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பட்டைகளுக்கு, ஒரு மனிதர் உண்மையாகச் சொன்ன வரி பதிலாகக் கிடைத்தது. குரலை இழந்த மற்றவர்களுக்கு மாற்றுக் குரல் பத்து மணியிலிருந்து வழங்கப்பட்டது. ஞானதுரை எல்லோருக்கும் கேசரி வரவழைத்திருந்தார்.

சண்முகவடிவு இறுதி அறிக்கையை இயக்குநரின் மேசையில் வைத்தார். அவர் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இத எடுத்துருங்கம்மா. யாருக்கும் தெரியாது. அந்த வெட்டே தொலஞ்சுபோச்சு. நீங்க நெனச்சாக்கூட இனிமே நிரூபிக்க முடியாது.”

“அதனாலதான் எழுதணும் ஐயா. அத இனி சொல்லுததுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்.”

“உங்க வேலைக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்.”

ஞானதுரை அறிக்கையை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, “இன்னைக்குத்தான் அந்த வார்த்தைய நெசமாச் சொல்ல முடியும் போல. இந்த வங்கியில ஒரு பொய் வெட்டுகூட இல்ல” என்றார்.

இந்த முறை சண்முகவடிவு வேறெங்கும் பார்க்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, “இல்ல ஐயா” என்றார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தவை பின்வருமாறு:

இடமாற்றத்தின்போது தொலைந்த வெட்டுகள்: 11,406. மாற்றியவர்: ஆ. சண்முகவடிவு, முதுநிலை அமைப்புப் பொறியாளர்.

கொடுத்தவர் நேரில் வந்து சொல்ல, மீண்டவை: 9,873.

வீட்டார் சாட்சியால் மீண்டவை: 1,120.

மீளாதவை: 413.

அவற்றுள், கொடுத்தவர் இருக்குமிடம் தெரியாதவை: 178.

கொடுத்தவர் இறந்து, அட்டையோ சாட்சியோ கிடைக்காதவை: 203.

கொடுத்தவர் வந்து வேண்டாம் என்றவை: 31.

முதலிலேயே பொய்யாக வெட்டப்பட்டிருந்தது: 1. வெட்டியவர்: மேற்படியார்.